முடியலயா, மாட்டேங்குறியா?

"ஒரே ஒரு கேள்விதான் அண்ணே. உங்க பொண்ணு முடியலங்குறாளா, மாட்டேங்குறாளா? அத மட்டும் சொல்லிடுங்க."

எங்கள் வீட்டுக் கூடத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு புஷ்பம்மாள் இப்படிக் கேட்டார். கையில் நான் கொடுத்த காபி. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஆறிப்போய், மேலே ஆடை கட்டிவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் காபித்தூள் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இப்படி வீணாகிறதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மனசு அப்படித்தான், பெரிய விஷயம் நடக்கும்போது சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

புஷ்பம்மாள் என் அக்கா ஞானத்தின் மாமியார். சிதம்பரத்தில் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறவர். அண்ணே என்று அவர் கூப்பிட்டது என் அப்பாவை. அக்காவின் வீட்டுக்காரர் சூசை மாமா வாசற்படியில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றார். அம்மா இல்லாத எங்கள் இரண்டு பேரையும் வளர்த்த பெரியம்மா சுவரோரம் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளறையில் பாயில் படுத்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. எல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது.

"ரெண்டுக்கும் என்னா வித்தியாசம் சம்பந்தி?" என்றார் பெரியம்மா.

"இருக்கு. முடியலன்னா, வா, முடிஞ்ச வரைக்கும் செய்யின்னு கையோட கூட்டிக்கிட்டுப் போறேன். மாட்டேன்னா, அவ இங்கியே இருக்கட்டும். பொறவு எங்க வாசப்படிய மிதிக்க வேணாம். என் புள்ளயும் இந்தப் பக்கம் வர மாட்டான்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அந்த அடுப்படிக்குத் திரும்பிப் போனால் இந்தப் பெண் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டரம்மா சொன்னது எங்கள் மூன்று பேர் காதிலும் இருந்தது. முடியல என்று உள்ளதைச் சொன்னால் அக்கா அடுப்படிக்குப் போக வேண்டும். மாட்டேன் என்றால் வாழாவெட்டி. எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் தாலி ஏறினால் ஏறினதுதான், அதை அவிழ்க்க வழி கிடையாது.

கடலூர் முதுநகரில், உப்பனாற்றுக் காற்று வீசும் ஒரு தெருவில், அறுபதுகளின் நடுவில் ஒரு பிற்பகலில் நடந்தது இது. எத்தனையோ பேச்சு மறந்துவிட்டது. இந்தக் கேள்வி மட்டும் மறக்கவில்லை.

பொண்ணு கெட்டி

கல்யாணமே ஒரு சொல்லால் வந்ததுதான்.

ஏதோ ஒரு மாதா கோயில் திருவிழாவில் தேர் பார்க்க நின்ற நெரிசலில் பெரியம்மாவுக்கும் புஷ்பம்மாளுக்கும் பழக்கமானது. எந்த ஊர், யார் வகையறா என்று விசாரிப்பதற்குள் இரண்டு பேர் மடியிலும் கல்யாணத்துக்கு ஒரு பிள்ளை இருப்பது தெரிந்துபோயிற்று. அக்கா கொஞ்சம் தள்ளி மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு நின்றாள்.

"பொண்ணு எப்படி?" என்று கேட்டார் புஷ்பம்மாள்.

"பொண்ணு கெட்டி," என்றார் பெரியம்மா.

பெரியம்மா சொன்னது படிப்பை. அக்கா எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் வகுப்புக்கே முதல். கணக்குல கெட்டி, பாட்டுல கெட்டி என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. புஷ்பம்மாள் கேட்டுக்கொண்டது உடம்பை. அக்கா அப்போது பூசினாற்போல் இருப்பாள், கன்னம் பளபளவென்று இருக்கும். நல்ல கெட்டியான பெண், அண்டா தூக்குவாள், ஆட்டுக்கல் சுற்றுவாள் என்று அந்த அம்மாள் கணக்குப் போட்டுவிட்டார். கொடுத்தவர் ஒன்றைக் கொடுத்தார், வாங்கினவர் வேறொன்றை வாங்கிக்கொண்டு போனார்.

சூசை மாமா பிற்பாடு ஒருநாள் என்னிடம் சொன்னார், "எங்கம்மா வந்து பொண்ணு கெட்டின்னதும், சரி, கை கெட்டி, ஒத்த ரூவா செலவழிக்காது போலன்னு நான் நெனச்சிக்கிட்டேன்." ஆக அந்த ஒரு சொல்லுக்கு மூன்று பேரிடம் மூன்று அர்த்தம். மூன்றும் அகராதிப்படி சரிதான். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் உள்ள கஷ்டம்.

இல்லாதபோது மட்டும் இருக்கும் சொற்கள்

நான் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். பணி ஓய்வு விழாவில் என்னை 'ஆற்றல்மிகு ஆசிரியை' என்று ஒருவர் மைக்கில் முழங்கினார். ஆற்றல் என்பது மேடையில் மட்டும் புழங்குகிற சொல். வீட்டில் யாரும் யாரையும் பார்த்து உனக்கு ஆற்றல் இருக்கிறது என்று சொல்லிக் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்குக் கால் கடுத்தது, எப்போது உட்காரச் சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனுஷர்களால் இன்னது ஆகும், இன்னது ஆகாது என்று சொல்லத் தமிழில் எத்தனை சொல். யோசித்துப் பார்த்தால் எனக்கு அலுப்புத்தான் வருகிறது, ஏனென்றால் பாதிச் சொற்கள் திட்டுவதற்கென்றே பிறந்தவை.

துப்பு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பு கெட்டவன், துப்பில்லாதவள் என்று தெருவுக்குத் தெரு கேட்டிருக்கிறோம். "உனக்கு நல்ல துப்பு இருக்குடா" என்று ஒரு தகப்பன் மகனைப் பாராட்டி நான் கேட்டதில்லை. வக்கும் அப்படித்தான். வக்கில்லாதவன் உண்டு, வக்குள்ளவன் என்று ஒருவன் கிடையாது. இந்தச் சொற்கள் இல்லை என்று சொல்வதற்காக மட்டுமே இருக்கின்றன. திராணி கொஞ்சம் பரவாயில்லை, இருக்கிறதா என்று கேட்கவாவது செய்கிறார்கள். அதுவும் சண்டைக்குக் கூப்பிடும்போதுதான்.

சாமர்த்தியம் இரண்டு முகம் உள்ளது. நம் வீட்டுப் பிள்ளைக்கு இருந்தால் திறமை, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இருந்தால் தந்திரம். அதுவே தேய்ந்து சமத்து என்று ஆனதும் பல் போன கிழவிபோல் சாதுவாகிவிட்டது. அழாமல் இருக்கிற குழந்தை சமத்து. கேட்காமல் இருக்கிற பெண்ணும் சமத்து. எங்கள் அக்காவைச் சின்ன வயதிலிருந்தே ஊரே சமத்து என்று சொல்லும்.

அப்பா கோயிலில் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. 'எல்லாம் வல்ல' என்று அவர் ஆரம்பிக்கும்போது குரலே மாறிவிடும். வல்லமை என்ற சொல்லை ஆண்டவருக்கு மட்டும்தான் உபயோகிப்பார். ஒருமுறை நான், நம்ம தெரு பீட்டர் சிலம்பத்தில் வல்லவன் என்று சொன்னபோது, "அவன் கெட்டிக்காரன்னு சொல்லும்மா போதும்" என்று திருத்தினார். மேலே வல்லமை, கீழே திராணி. நடுவில் மனுஷன் படுகிற பாடு.

தெரியும், முடியும், வரும்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேவனாம்பட்டினத்திலிருந்து கடலோரத்துப் பிள்ளைகள் சிலர் என் வகுப்புக்கு வருவார்கள். அதில் ஒரு பெண்ணிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், "உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியும் டீச்சர். ஆத்துல நீஞ்சுவேன். கடல்ல முடியாது. எங்கப்பாவுக்கு முடியும்."

"உங்க அண்ணனுக்கு?"

"அதுக்கு வரவே வராது டீச்சர். எத்தினி வாட்டி எங்கப்பா சொல்லிக்குடுத்தாரு. தண்ணில போட்டா கல்லு மாரி போவும்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். கரும்பலகையில் மூன்றையும் எழுதிப் போட்டேன். தெரிவது தலைக்கு. முடிவது உடம்புக்கு. வருவது இரண்டுக்கும் கட்டுப்படாதது. தூக்கம் வரும், பாட்டு வரும், அழுகை வரும் என்கிறோம். எங்கிருந்தோ அதுவாக வர வேண்டும். வராவிட்டால் யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை.

அன்றைக்கு நல்ல பாடம் எடுத்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வீட்டில் அக்கா வந்திருந்தாள். வாசலில் சூசை மாமாவின் செருப்பு. அவள் மூச்சு வாங்குகிற சத்தம் தெருவிலேயே எனக்குக் கேட்டது.

ஞானக்கா கை

மெஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சிதம்பரத்தில் ரயிலடிக்குப் போகிற வழியில் நீளமான ஓட்டுவீடு. பெயர்ப் பலகை கிடையாது. சுவரில் வரிசையாகச் சாய்ந்து நிற்கும் சைக்கிள்கள்தான் அடையாளம். முன்கட்டில் பெஞ்சும் மேசையும், பின்கட்டில் அடுப்படி. காலையில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும். மத்தியானம் சோறு, குழம்பு, வெள்ளி தவிர மற்ற நாளில் மீன்.

கொத்சு சிதம்பரத்துப் பண்டம், சுட்ட கத்தரிக்காயை மசித்துப் புளி விட்டு வைப்பது. கடலூர்க்காரியான அக்காவுக்கு அது என்னவென்றே தெரியாது. புஷ்பம்மாள்தான் சொல்லிக்கொடுத்தார். கொஞ்ச நாளிலேயே பிள்ளைகள் பெஞ்சில் உட்காரும்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்களாம், "இன்னிக்குக் கொத்சு மெஸ் அம்மா கையா, ஞானக்கா கையா?" ஞானக்கா கை என்றால் கூட இரண்டு இட்லி போகும். புஷ்பம்மாளுக்கு அதில் பொறாமை இருந்ததாகத் தெரியவில்லை. பெருமைதான். வருகிறவர்களிடமெல்லாம் மருமகளின் கைப்பக்குவத்தைச் சொல்வார்.

கைப்பக்குவம், கைமணம், கைராசி. பெண்ணுடைய திறமையை மட்டும் தமிழ் கொண்டுபோய்க் கையில் வைத்துவிடுகிறது. தலையில் வைத்தால் சம்பளம் கேட்பாளோ என்னவோ.

அக்காவுக்குக் கை இருந்தது. மூச்சு இல்லை. உளுந்து ஆட்டும்போது பாதியில் நிறுத்தி நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். கிணற்றிலிருந்து குடத்தைத் தூக்கி வந்து இறக்கினால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. சாயங்காலம் காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். வேலைக்கு ஆள் வைக்கலாமே என்று சூசை மாமா கேட்டிருக்கிறார். ஆள் வைத்தால் பாத்திரம் தேய்ப்பாள், கொத்சு வைப்பாளா என்று அவர் அம்மா கேட்டிருக்கிறார். கை நன்றாக இருந்ததே வினையாகப் போயிற்று.

"முடியல அத்தே," என்று அக்கா சொல்வாளாம்.

"சரி, செத்த உக்காந்து செய்யி," என்று சொல்வாராம் புஷ்பம்மாள். இதைக் கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வரையில் அதுதான் கரிசனம்.

இந்த முடியல என்ற சொல்லைப் பாருங்கள். வேலை முடியல என்றால் இன்னும் தீரவில்லை. உடம்பு முடியல என்றால் நோவு. என்னால முடியல என்றால் சக்தி இல்லை. அடுப்பின் முன்னால் நிற்கிற பெண் வெறும் 'முடியல' என்றால் எதைச் சொல்கிறாள்? அக்கா மூன்றையும்தான் சொன்னாள். புஷ்பம்மாள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து முடி என்றார்.

காலேஜ் பூட்டியிருந்த நாட்கள்

அப்போதுதான் மொழிக் கிளர்ச்சி வந்தது. பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். காலேஜைப் பூட்டி எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். குறிஞ்சிப்பாடிப் பிள்ளை குறிஞ்சிப்பாடிக்கு, லால்பேட்டைப் பிள்ளை லால்பேட்டைக்கு. மெஸ்ஸில் பெரிய அடுப்பு அணைந்தது. வீட்டுக்கு மட்டும் ஒரு சின்ன அடுப்பு எரிந்தது.

ஊரெல்லாம் கலவரமாக இருந்த அந்த நாட்களில்தான் அக்கா நன்றாக இருந்தாள். கால் வீக்கம் வடிந்தது. முகத்தில் பழைய களை வந்தது. ஊர் கொஞ்சம் அடங்கியதும் சாயங்காலத்தில் சூசை மாமாவோடு மெதுவாகத் தேர் வீதிப் பக்கம் நடந்துபோய், பூ வாங்கி வைத்துக்கொண்டு திரும்பி வருவாளாம். கல்யாணமாகி அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசியதே அப்போதுதான் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். "ஊரே அழுவுது, நாங்க மட்டும் சிரிச்சிக்கினு இருந்தோம்டி," என்றாள்.

காலேஜ் திறந்தது. பெரிய அடுப்பு மூட்டியாயிற்று. இரண்டு நாளில் அக்கா சோற்றுத் தவலையை வடிக்கப்போய், மூச்சுத் திணறி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கஞ்சி கொட்டி வாய்க்கால் ஓடியது. நல்ல வேளை, மேலே படவில்லை.

"பூட்டிக் கெடந்தப்ப நல்லாத்தானே இருந்தே? தெறந்த ஒடனே முடியலயா?" என்று கேட்டார் புஷ்பம்மாள்.

வெளியிலிருந்து பார்த்தால் நியாயமான கேள்வி. வேலை இல்லாதபோது ஓடிப்போகிற நோய் வேலை வந்ததும் வந்து நின்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அந்த நோயே அப்படிப்பட்டதுதான் என்பது எங்களுக்கே டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது. சூசை மாமா அவளைக் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று கடலூரில் கொண்டுவந்து விட்டாரே, அதன் பிறகு.

"சின்ன வயசுல மூட்டு வீங்கி காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வந்துச்சும்மா," என்றார் பெரியம்மா. "முட்டி முட்டியா வீங்கிக்கினு அழுவா. நொச்சித் தழ போட்டு வேது புடிச்சேன். சரியாப் பூடுச்சே."

"மூட்ட விட்டுட்டு அது இதயத்துக்குப் போயிடுச்சி." உள்ளே ஒரு கதவு சரியாக மூடுவதில்லை என்றார். கனம் தூக்கக் கூடாது, அடுப்பில் வேகக் கூடாது, பிள்ளை பெறுவதைப் பற்றி நினைக்கவே கூடாது. வெளியே வந்ததும் பெரியம்மா ஆஸ்பத்திரித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கெட்டின்னு சொன்னேனே, கெட்டின்னு சொன்னேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆடமாட்டாதவள்

திரும்பவும் அந்தக் கூடத்துக்கு வருகிறேன். காபி ஆறிப்போன இடத்துக்கு.

"மாட்டேன்னு எங்க பொண்ணு எதுக்கு சொல்லுது?" என்றார் அப்பா. "டாக்டரம்மா பாத்துட்டு சொன்னாங்கம்மா. இதயத்துல பழுது. ஆண்டவர் எல்லாம் வல்லவரு, அவரு மனசு வெச்சா..."

"அவரு வல்லவருதான் அண்ணே. காலையில இட்லி ஊத்த அவரு வர மாட்டாரே."

அப்பா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கெட்டின்னு சொல்லிக் குடுத்தீங்க," என்று பெரியம்மாவைப் பார்த்தார் புஷ்பம்மாள். "நானும் நம்பித்தான் வந்தேன். கெட்டிக்காரின்னு இப்பத்தான் வெளங்குது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கும்பாங்க. வேல இருந்தா சீக்கு, வேல இல்லாட்டி பூவு. ஆடமாட்டாதவ கூடம் கோணல்னாளாம்."

அந்த நேரத்தில் எனக்கு இலக்கணம் தோன்றியது. என் பிழைப்பு அப்படி. ஆடமாட்டாதவள் என்றால் ஆட மறுத்தவள் அல்ல. ஆட முடியாதவள். பழைய தமிழில் மாட்டேன் என்றாலே என்னால் ஆகாது என்றுதான் அர்த்தம். இன்றைக்கும் நடக்க மாட்டாமல் கிடக்கிறார், சொல்ல மாட்டாமல் விழுங்கினார் என்கிறோம். அதே சொல் எந்தக் காலத்தில் எந்த வீட்டில் பிடிவாதத்தின் பக்கம் சாய்ந்ததோ தெரியவில்லை. முடியாதவர்கள் எல்லாம் சேர்ந்து, முடியாது என்று சொல்லிப் பயனில்லை என்று கண்டுகொண்ட காலமாக இருக்கும்.

இதையெல்லாம் புஷ்பம்மாளிடம் சொல்ல முடியுமா? "நெஜமாவே முடியல அத்தே, நான் என் கண்ணால பாத்தேன்," என்று மட்டும் சொன்னேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்க்கவில்லை. ரொம்பக் களைப்பாகப் பார்த்தார். புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கினார். கணுக்கால் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. நரம்பு பச்சைப் பச்சையாகச் சுருண்டு கிடந்தது.

"எனக்கு மட்டும் முடியுதா பாப்பா? இவன் கைப்புள்ளையா இருக்கசொல்ல இவங்கப்பா செத்தாரு. அன்னிக்கு ஏத்துன அடுப்பு. முடியலன்னு நான் யாருகிட்ட போயி சொல்றது, அடுப்புகிட்டயா? முடியாததத்தான் இத்தினி வருசமா செஞ்சிக்கிட்டு இருக்கேன். முடிஞ்சத மட்டும் செய்யறதுன்னா என்னிக்கோ நானும் இவனும் பட்டினி."

பெரியம்மா விசிறுவதை நிறுத்திவிட்டார். எனக்கு அப்போது விளங்கியது. அந்த அம்மாள் அக்காவை நம்பாமல் இல்லை. முடியவில்லை என்பதை நம்பத்தான் செய்தார். அது ஒரு காரணமே இல்லை என்பதுதான் அவர் வாழ்ந்து கண்டது. அவரிடம் முடியல என்ற சொல் செல்லாது.

உள்ளறைக் கதவு முனகியது. அக்கா எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை கலைந்திருந்தது. மூச்சு மேலும் கீழும் போய்வருவது கழுத்தில் தெரிந்தது.

"அத்தே," என்றாள். "மாட்டேன்."

"முடியலன்னு சொல்லு ஞானம்," என்றார் வாசலில் நின்ற சூசை மாமா. அன்றைக்கு அவர் வாய் திறந்தது அப்போதுதான். குரல் கெஞ்சியது. "முடியலன்னு ஒரு வார்த்த சொல்லிடு, போதும்."

"முடியலன்னு ஆயிரம் வாட்டி சொல்லிட்டேன். அடுப்படிக்கு வர மாட்டேன்."

சமத்து என்று பேர் வாங்கின பெண். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் யாரும் அதற்கு முன்னால் கேட்டதில்லை. எனக்கு வந்தது பயமா, சந்தோஷமா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான்.

புஷ்பம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் டம்ளரைத் தரையில் வைத்தார். முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

"இத மொதல்லியே சொல்லியிருந்தா நான் பஸ் ஏறி வந்திருக்க வேணாம்," என்றார். குரலில் ஆத்திரம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. வேறு ஏதோ இருந்தது, அன்றைக்கு எனக்கு அதற்குப் பெயர் தெரியவில்லை. "வாடா," என்று மகனைக் கூப்பிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

தூக்கில் வந்த கொத்சு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் சூசை மாமாவின் செருப்பு.

"வர மாட்டான்னு அத்த சொன்னாங்களே மாமா," என்றேன்.

"அம்மாதான் வர மாட்டான்னாங்க. நான் சொல்லலியே," என்றார். கையில் ஒரு தூக்கு இருந்தது. திறந்தால் கொத்சு. அக்கா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "புளி ஜாஸ்தி," என்றாள். அதற்குப் பிறகு அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். தூக்கும் வந்தது. அதை நிரப்பி அனுப்பியது யார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஊர் பேசியது. கோயிலில் அக்கா போய் உட்கார்ந்தால் பக்கத்துப் பெண்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்வார்கள். புருஷன் ஞாயிறுதோறும் வருகிற வாழாவெட்டியை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று அவர்களுக்கும் விளங்கவில்லை. அக்கா உட்கார்ந்த இடத்தில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். கணக்குல ஞானக்கா கெட்டி என்று பிள்ளைகள் சொல்லும்போது பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். டாக்டரம்மா பயந்ததுபோல் ஆகவில்லை. அக்கா இருந்தாள், பல வருஷம் இருந்தாள். மெதுவாக நடந்து, மெதுவாகப் பேசி, யாருக்கும் அவசரப்படாமல்.

அந்தப் பத்தாண்டு முடிகிற சமயம் என்று நினைக்கிறேன். வெயில் தாழ்ந்த நேரம், முன்னறிவிப்பு ஏதுமில்லாமல் புஷ்பம்மாள் வந்தார். மகன் கூட வரவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். அதே பெஞ்சில் உட்கார்ந்தார். ரொம்ப இளைத்துவிட்டார், கால் மட்டும் இன்னும் பெருத்திருந்தது. அக்காவே எழுந்துபோய்க் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். இந்தத் தடவை ஆறவிடவில்லை, ஒரே மூச்சாகக் குடித்தார்.

என்ன விஷயமாக வந்தார் என்று கேட்க எங்களுக்குத் தயக்கம். மெஸ்ஸுக்குப் பிள்ளைகள் ஜாஸ்தியாகிவிட்டதைச் சொன்னார். விறகு ஈரமாக வருவதைச் சொன்னார். அப்புறம் அக்கா பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு நீ சொன்னியே ஞானம்," என்றார். "பஸ்ஸுல போறப்ப அதேதான் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சி. எனக்கும் ஒரு வாட்டி மாட்டேன்னு சொல்லிப் பாக்கணும்னு இருக்கு. யாருகிட்ட சொல்றதுன்னுதான் தெரியல."

அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட சொல்லுங்க அத்தே."

புஷ்பம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார். உதடு ஒட்டிப் பிரிந்தது, திரும்பவும் ஒட்டியது. நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். தெருவில் யாரோ மீன் கூவிக்கொண்டு போய், அந்தச் சத்தமும் தேய்ந்துபோயிற்று.

"வரலடி," என்றார்.

பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். "நேரமாச்சி. போயி உளுந்து ஊறப் போடணும்."